எட்டுக் குழாய் ரத்தம்

ஊசி இரண்டும் ஏறிவிட்டன. இனி பதினொன்று பத்து வரைக்கும் ஆவுடையப்பனால் எங்கும் எழுந்து போய்ச் சண்டை போட முடியாது. அதை நினைத்ததும் அவருக்குக் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. சண்டை போட வேண்டிய இடம் ஒன்றும் காசியில் இல்லை. இந்த டயாலிசிஸ் வார்டுக்கு எதிரே, பழைய கட்டடத்தின் மாடியில்தான் இருக்கிறது. இருபத்திரண்டு படி ஏறி இடப்பக்கம் திரும்பினால் மூன்றாவது அறை, கதவில் நீரிழிவுச் சிக்கல்கள் ஆய்வு என்று நீலப் பலகை. அந்த அறையில்தான் இந்த நேரம் அவர் மனைவி உலகம்மாள் முழங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நேற்று சாப்பிட்ட இரண்டு தோசைக்குப் பிறகு ஒரு வாய் காப்பிகூட இல்லாமல். எட்டுக் குழாய் எடுப்பார்கள். சிவப்பு மூடி மூன்று, ஊதா மூடி மூன்று, சாம்பல் ஒன்று, நீலம் ஒன்று, ஐந்து வருஷத்தில் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக நிரம்புவதை அவள் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருப்பாள், கடைசிக் குழாய்க்கு ரத்தம் சரியாக வராவிட்டால் தன்மேல்தான் குற்றம் என்பது போல விரலை மடக்கி மடக்கி விரிப்பாள். விரிக்காதே, எழுந்து வா என்று சொல்ல ஒரு நாதியில்லை. காலையில் பஸ்ஸில் பக்கத்தில்தானே உட்கார்ந்து வந்தாள், அப்போது சொல்லியிருக்கலாம். வண்ணாரப்பேட்டை வரைக்கும் சொல்லலாம் சொல்லலாம் என்றே வந்தார். இறங்கும்போது சில்லறை இருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவுதான் வாயில் வந்தது.

ஜெபக்கனி சிஸ்டர் இயந்திரத்தின் பொத்தான்களை அமுக்கிக்கொண்டே, "எடை ரெண்டு கிலோ எண்ணூறு ஏறியிருக்கு அண்ணாச்சி, தண்ணி ஜாஸ்தி குடிச்சியளோ?" என்றாள். "ஆமா, தாமிரவருணிய அப்படியே வாய் வச்சிக் குடிச்சேன்" என்றார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, இந்த வார்டில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள், அவளுக்குப் பழகிவிட்டது. "இடக்கையை ஆட்டாமப் படுங்க, போன வாரம் மாதிரி அலாரம் அடிக்க விடாதிய" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவருடைய ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், வடிகட்டியில் சுற்றி, இன்னொரு குழாயில் திரும்பி வந்தது. போவது கொஞ்சம் கறுப்பு, வருவதும் கறுப்புதான், சுத்தம் பண்ணினது என்று அவர்கள் சொல்வதை நம்ப வேண்டியதுதான். எல்லாமே நம்ப வேண்டியதுதான். பதினோரு மாதமாகச் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இந்தக் கட்டிலில் வந்து படுத்து, மேலே கறை பிடித்த கூரையைப் பார்த்துப் பார்த்து, நம்பியதை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார். முதலில் வாழைப்பழத்தை நிறுத்தினார்கள், பிறகு இளநீர், பிறகு தாகம் எடுத்தால் ஐஸ் கட்டியைச் சப்பு என்றார்கள். நாக்கு இப்போதே அட்டை மாதிரி இருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடிக்கிற சுகம் இந்த ஜென்மத்தில் முடிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருந்தா மாத்திரையிலயே ரொம்ப காலம் தள்ளிப் போட்டிருக்கலாமே என்று சிறுநீரக டாக்டர் முதல் நாள் சொன்னார். வந்தேனய்யா. மூன்று வருஷத்துக்கு முன்னாலும் வந்தேன், நாலு வருஷத்துக்கு முன்னாலும் வந்தேன், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வெறும் வயிற்றோடு வந்தேன், உன் கண்ணுக்கு எதிரே அந்த மாடியில்தான் வந்தேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு ஆய்வில் ஆள் சேர்த்த அந்த முதல் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கல்லூரிக் கலையரங்கம், மின்விசிறிகள், சுகர்க்காரர்களுக்கென்று சர்க்கரை போடாத டீ, இரண்டு மாரி பிஸ்கட். பெரிய டாக்டர் மேடையில் நின்று, உங்க ரத்தம் நாளைக்கு உங்க பேரப்பிள்ளைகளைக் காப்பாத்தும் என்றார், எல்லோரும் கை தட்டினார்கள், ஆவுடையப்பனும் தட்டினார், பக்கத்தில் உலகம்மாளையும் தட்டு என்று முழங்கையால் இடித்தார். பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றட்டும், நல்லது, நடுவில் இருக்கிற எங்களை? அந்தக் கேள்வி அன்றைக்கு ஏன் தோன்றவில்லை. தோன்றியது, ஒரு மாதிரித் தோன்றத்தான் செய்தது, ஃபாரம் வாங்கிய பெண்ணிடம், ஏம்மா, ஏதாவது ஏடாகூடமா இருந்தா கூப்பிடுவியள்லா என்று கேட்டார். அவள் அடுத்த ஆளின் ஃபாரத்தை எடுத்துக்கொண்டே, அதெல்லாம் பாத்துக்கிடுவாங்க சார் என்றாள். அவள் கல்யாணமாகிக் குவைத்துக்குப் போய்விட்டாளாம், திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. ஃபாரம் பதினோரு பக்கம். அவர் முழுக்கப் படித்தார், படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் முப்பத்தொரு வருஷ வேலையில் அவருக்கு இல்லை. உலகம்மாளிடம் மட்டும், நான் பாத்துட்டேன், நீ போடு என்றார். போன வாரம் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த நகலை எடுத்துப் பார்த்தார். ஏழாம் பக்கம், நாலாவது வரி: தனிப்பட்ட முடிவுகள் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்பட மாட்டா. அது அங்கேதான் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது. அவர்கள் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். பாவிகள் பொய்கூடச் சொல்லவில்லை.

கூப்பிடுவார்கள் என்று அவராகத்தான் எடுத்துக்கொண்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அவர் ஒன்றும் மடையர் இல்லை. அவர் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். முப்பத்தொரு வருஷம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாற்காலி, மேஜையில் ஒரு போன், ஒரு பேரேடு. எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுகிற வேலை. அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு, எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது, ஆனால் எல்லா டைம் கீப்பருக்கும் தெரியும்: தகவல் வரவில்லை என்றால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பஞ்சர், பிரேக் போனது, மாட்டில் இடித்தது, எதுவானாலும் கண்டக்டர் பக்கத்துக் கடையிலிருந்தாவது போன் அடிப்பான். போன் அடிக்காத வரைக்கும் பாபநாசம் வண்டி நன்றாக இருக்கிறது, செங்கோட்டை வண்டி நன்றாக இருக்கிறது, நிம்மதியாக வெற்றிலை போடலாம். அந்தச் சட்டத்தைத்தான் அவர் தன் ரத்தத்துக்கும் போட்டார். ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு சுகர் சீட்டு மட்டும் தருவார்கள், மற்றக் குழாய் எல்லாம் உள்ளே போய்விடும். ஒரு வாரம் காத்திருப்பார், பத்து நாள் காத்திருப்பார், போன் வராது. பாத்தியா உலகு, கூப்பிடல, அப்போ எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம் என்பார். எவ்வளவு கம்பீரமாகச் சொல்வார். ஊரில் நாலு பேரிடமும் சொன்னார், பெரிய ஆஸ்பத்திரியில எங்களைக் கண்காணிப்புல வச்சிருக்காவ என்று. இதற்கு நடுவில் மாஞ்சோலை வண்டி ஏன் ஞாபகத்துக்கு வருகிறது. வேண்டாம். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டி நின்றுபோன அன்றைக்கு, ஒருத்தன் கண்ணாடித் தடுப்பில் முட்டிக்கொண்டு, சார், என் வீட்டுக்காரியும் பிள்ளையும் அதுல வாராங்க சார் என்று கேட்டுக்கொண்டே நின்றான். தகவல் இல்லைல்லா தம்பி, அப்போ வண்டி வந்துக்கிட்டிருக்கு என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். போன் லைன் அறுந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது, அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, விடிந்ததும் எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஒன்றும் ஆகாததால் சட்டத்தை அவர் மாற்றிக்கொள்ளவும் இல்லை. அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது இவரை ஒரு பார்வை பார்த்தான்.

இதெல்லாம் மூன்று வாரத்துக்கு முன்பு வரைக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் விதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், விதியோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று பேசாமல் படுத்திருந்தார். அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும்போது நடைபாதையில் புதிதாக ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தார்கள், ஏதோ மாநாட்டில் பரிசு வாங்கியதாம், மேலே பெரிய டாக்டரின் பெயர், கீழே ஒரு படம், படம் முழுக்க நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள். பட்ட மேற்படிப்பு படிக்கிற இளம் டாக்டர் ஒருவர் அதன் பக்கத்தில் நின்று யாரையோ படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அங்கிள், இது உங்க ஆய்வுதான். உங்களால கிடைச்சது" என்றார். ரத்தத்தில் ஒரு புரதம், பெயர் வாயில் நுழையாது, சிறுநீரகம் கெடுவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே அது ஏற ஆரம்பித்துவிடுகிறதாம், அதை நிரூபித்துவிட்டார்களாம். சிவப்புப் புள்ளி கெட்டுப்போனவர்கள், நீலம் கெடாதவர்கள், புள்ளி மேலே போகப் போகப் புரதம் அதிகம். எப்போது பார்த்தீர்கள் என்று இவர் கேட்டார். எல்லா ரத்தத்தையும் அப்படியே உறைய வைத்து, போன கார்த்திகையில்தான் மொத்தமாக எடுத்துப் பார்த்தார்களாம். ஒரே நாளில் ஒரே மருந்தில் பார்த்தால்தான் ஒன்றோடு ஒன்று சரியாக ஒப்பிட முடியுமாம், அப்போதைக்கப்போது பார்த்தால் அளவில் வித்தியாசம் வந்துவிடுமாம். போன கார்த்திகையில் இவர் ஏற்கெனவே இந்தக் கட்டிலுக்கு வந்துவிட்டார். அப்போ எனக்கும் அது ஏறியிருந்திச்சா என்றார். அது தனித்தனியா சொல்றதில்ல அங்கிள், நீங்க எண்ட் பாயிண்ட் ரீச் பண்ணிட்டீங்கல்ல, சிவப்புல ஒண்ணு நீங்கதான் என்றார் அந்தப் பிள்ளை, பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டாய் என்று சொல்கிற மாதிரி. எண்ட் பாயிண்ட். வண்டிக்குத்தான் கடைசி நிறுத்தம் உண்டு என்று நினைத்திருந்தார். அந்தச் சிவப்புப் புள்ளிகளில் தான் எது என்று அரை மணி நேரம் நின்று தேடினார். மேலே ஓரத்தில் தனியாக ஒன்று இருந்தது, அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. மூன்று வருஷமாகப் பனிக்கட்டிக்குள் அவருடைய ரத்தம், நான் கெடப்போகிறேன் நான் கெடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே கிடந்திருக்கிறது, திறந்து கேட்க ஆள் இல்லை. அறிவு கெட்டவன்கள். ஒப்பிட வேண்டுமாம் ஒப்பிட.

சரி, என் கதை முடிந்தது, என்னை விடு, அவள்? உலகம்மாளுக்குச் சுகர் வந்து ஒன்பது வருஷம். அவளும் அதே ஆய்வில்தான், ஆய்வு எண் அவருக்கு நூற்றுப் பதினேழு, அவளுக்கு நூற்றுப் பதினெட்டு. அவளுடைய ரத்தமும் அதே பெட்டியில், அதே கார்த்திகையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். அவள் இன்னும் கெடவில்லை என்பதால் நீலப் புள்ளியாகப் போட்டிருப்பார்கள். ஆனால் நீலத்திலும் சிலது மேலே இருந்தது. அவர் நன்றாகப் பார்த்தார், நாலைந்து நீலம் சிவப்புகளுக்கு நடுவில் மேலே இருந்தது. அவள் எங்கே. மேலேயா கீழேயா. இதுதான் மூன்று வாரமாகத் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பெரிய டாக்டரிடம் கேட்கவேண்டியவற்றை எல்லாம் வரிசையாக மனசுக்குள் பேசி வைத்திருக்கிறார், முதலில் மரியாதையாக ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்தில் குரலை ஏற்றி, மூன்றாவதில் மேஜையைத் தட்டி. அந்தப் பேச்சு நாளுக்கு நாள் மெருகேறிக்கொண்டே போகிறது. ஆனால் அது முடிகிற இடத்தில் எப்போதும் உலகம்மாள் குறுக்கே வந்து நிற்கிறாள், கையில் பையோடு, பாளையங்கோட்டை மார்க்கெட் மூலையில் இருக்கிற பரிசோதனைக் கூடத்துக்குப் போகலாமா அத்தான், வருஷத்துக்கு ஒரு தடவை கிட்னியும் பாக்கணும்னு தெருவுல சொல்லுதாவ என்கிறாள். இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், எட்டுக் குழாய் எடுக்காங்கல்லா, அது போதாதா உனக்கு என்கிறார். எட்டுக் குழாய் எடுக்காங்கல்லா. அவள் சரி என்று பையைச் சுவரில் மாட்டுகிறாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை இவர் சிரித்தார்கூட. இந்த இடம் வந்ததும் மனசு வழுக்கிக்கொண்டு திரும்பப் பெரிய டாக்டரிடம் ஓடிவிடும், மேஜையைத் தட்டும். சட்டைப் பையில் போன் இருந்தது. வலது கை சும்மாதான் இருந்தது. ஒரு எண்ணை அமுக்கினால் அவள் எடுப்பாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கூப்பிடவில்லை என்று கொதிக்கிறவர் கூப்பிடலாம். அவர் போனை வெளியே எடுத்து, மணி பார்த்தார். ஒன்பது இருபத்தைந்து. திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் பெனசீர் வந்தாள். போன வருஷம் ஆய்வு வேலையில் சேர்ந்த பெண், மேலப்பாளையத்துக்காரி, இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும், கையில் ஃபாரம் அடுக்கிய கோப்பு. கோப்பைப் பார்த்ததுமே ஆவுடையப்பனுக்கு ரத்தம் ஏறியது, இயந்திரத்தின் திரையில் எண்கள் அதைக் காட்டியும் கொடுத்தன. "நல்லாருக்கியளா அண்ணாச்சி? அக்காவுக்கு முதல் ரத்தம் எடுத்தாச்சு, சாப்பிட்டுட்டு ரெண்டாவதுக்கு உக்காந்திருக்காங்க" என்றாள். பிறகு கோப்பைத் திறந்தாள். "புதுசா ஒரு ஆய்வு ஆரம்பிக்கோம். டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு இதயத்துல வர தொந்தரவ ரத்தத்தை வச்சு முன்னாலயே கண்டுபிடிக்க முடியுமான்னு. தனியா ஊசி எல்லாம் கிடையாது, இந்தக் குழாயிலேருந்தே கொஞ்சம் எடுத்துக்கிடுவோம்."

"கிட்னி முடிஞ்சி போச்சு, இப்போ இதயமா" என்றார். "கண்டுபிடிச்சா சொல்லுவியளா?"

பெனசீர் கொஞ்சம் தயங்கினாள். "சொல்ல மாட்டோம் அண்ணாச்சி. ஃபாரத்துல அப்படித்தான் இருக்கு."

ஐந்து வருஷத்தில் முதல் நேரான பதில். அதுவே அவரைத் தடுமாற வைத்தது, பேசி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் கலைந்து போயின. "அப்போ எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார். "நூத்திப் பதினெட்டு. என் வீட்டுக்காரி நம்பர். அவ ரத்தத்துல அந்தப் புரதம் ஏறியிருக்கா இல்லையா? ஒரே ஒரு வார்த்தை. நீ எத்தனை கையெழுத்து கேட்டாலும் போடுதேன், இதயத்தையே அறுத்து எடுத்துக்கிட்டுப் போ."

"என்கிட்ட இல்ல அண்ணாச்சி, சத்தியமா இல்ல. லேபுக்குப் போகையிலேயே நம்பரையும் மாத்திருவாங்க. எந்த நம்பர் யாருன்னு இருக்க பட்டியலைப் பூட்டி வச்சிருக்காங்க. ஆய்வு முடியாம யாரும் திறக்கக் கூடாது."

"பூட்டி வச்சிருக்கியளா!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஏம்மா, அது மனுஷி ரத்தமா, ரேஷன் கடை மண்ணெண்ணெயா? மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல, தெரியுமா உனக்கு? மூணு வாரமா! அங்க ஒரு பெட்டிக்குள்ள அவ ரத்தம் கிடக்கு, அதுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது!" அலாரம் அடித்தது. ஜெபக்கனி சிஸ்டர் ஓடி வந்து கையைப் பிடித்துக் கட்டிலோடு அமுக்கி, "என்ன அண்ணாச்சி இது, உசிரோட விளையாடுதியளா" என்று அதட்டினாள். பெனசீர் போகாமல் அங்கேயே நின்றாள். அலாரம் அடங்கியதும், சத்தம் போடாமல் கேட்டாள்: "அக்காட்ட சொல்லிட்டியளா?" அவர் கூரையைப் பார்த்தார். "இதுக்கு எங்க ஆய்வு எதுக்கு அண்ணாச்சி? கீழ ஓபியில போயி கிட்னி பாக்கணும்னு கேட்டா மூத்திரமும் ரத்தமும் எழுதித் தருவாங்க. சாயந்தரம் ரிப்போர்ட் வந்துரும். பதினோரு மணி வரைக்கும் சீட்டு குடுப்பாங்க. மூணு வாரமா நீங்க ஏன்..." என்றவள் முடிக்கவில்லை. ஃபாரத்தை அவர் தலைமாட்டில் வைக்காமல் கோப்புக்குள்ளேயே திரும்பச் சொருகிக்கொண்டு போய்விட்டாள்.

இவள் யார் எனக்குச் சொல்வதற்கு. நேற்று வேலைக்கு வந்தவள். மூணு வாரமா நீங்க ஏன், என்ன ஏன்? மூன்று வாரத்தில் ஆறு தடவை இந்தக் கட்டடத்துக்கு வந்து போயிருக்கிறார், ஆறு தடவையும் உலகம்மாள் கூட வந்தாள், ஓபி வாசலைத் தாண்டித்தான் இரண்டு பேரும் நடந்தார்கள். அந்த வாசலில் நூறு பேர் சீட்டுக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று இந்தப் பெண் கேட்கிறாள். நின்றால் உலகம்மாளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் கேட்பாள். கேட்கக்கூட மாட்டாள், அவள் கேட்கிற ரகம் இல்லை, பையைச் சுவரில் மாட்டிய மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து மூன்று வாரம். பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கத்தினாயே ஆவுடையப்பா, நீ எங்கே வைத்திருக்கிறாய். அவர்களாவது ஊர் பேர் தெரியாத எண்ணாக வைத்திருக்கிறார்கள், நீ பக்கத்தில் படுத்திருக்கிறவளை வைத்துக்கொண்டு பூட்டினாய். அவருக்கு யார் மேலாவது திரும்பக் கோபப்பட வேண்டும் போல இருந்தது, பெரிய டாக்டர்மேல், அந்தச் சிரித்த பிள்ளைமேல், குவைத்துக்காரிமேல், ஆனால் ஒவ்வொரு முகமாகக் கொண்டுவந்து நிறுத்தினாலும் கோபம் நிற்காமல் நழுவித் தன்மேலேயே வந்து விழுந்தது. அவர்களை விட்டுவிட முடியாது. அது அயோக்கியத்தனம், எந்தப் பஞ்சாயத்திலும் அவர் சொல்லத் தயார். ஆனால் அந்த அயோக்கியத்தனத்துக்கு மூன்று வாரம் வட்டி போட்டது யார். வலது கெண்டைக்கால் திடீரென்று இழுத்துக்கொண்டது. உடம்பிலிருந்து தண்ணீர் வேகமாக இறங்கினால் இப்படித்தான் பிடிக்கும். விரல்கள் தானாக மடங்கி, நரம்பு முறுக்கி, கண்ணில் நீர் வந்துவிட்டது. ஐயோ என்று கத்தினார். சிஸ்டர் வந்து பாதத்தைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளினாள், இயந்திரத்தில் எதையோ குறைத்தாள். வலி போன பிறகும் கண்ணில் நீர் நிற்கவில்லை. அது வலிக்கு வந்த நீர் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

பத்தே கால் மணிக்கு உலகம்மாள் வந்தாள். வார்டுக்குள் செருப்புப் போடக் கூடாது என்பதால் வாசலில் கழற்றிவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அமுக்கிக்கொண்டு, மற்றக் கையில் சின்னத் தூக்கு. "அங்க குடுத்த இட்லியில ரெண்டு வச்சிருக்கேன் அத்தான், சாம்பார் ஊத்தல, உங்களுக்கு ஆகாதுன்னு" என்றாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தப் பிள்ளை பெனசீர் இன்னைக்கி என் முகத்தையே பாக்கல. என்னவாம்? நீங்க ஏதும் சத்தம் போட்டியளா?"

"உலகு" என்றார். "அவிய கூப்பிட மாட்டாவ."

"யாரு?"

சொன்னார். பேசி வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை, மேஜை தட்டல் வரவில்லை, குழந்தை பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். உறைய வைத்தது, மொத்தமாகப் பார்த்தது, புள்ளிகள், ஏழாம் பக்கம், தனக்கு மூன்று வாரமாகத் தெரியும் என்பது வரைக்கும். "நீ லேபுக்குப் போணும்னு ரெண்டு தடவ கேட்ட. நாந்தான் வேண்டாம்னேன்" என்றார்.

"ஆமா, சொன்னிய" என்றாள் உலகம்மாள். பஞ்சை எடுத்துப் பார்த்தாள், ரத்தம் நின்றுவிட்டிருந்தது, திரும்பவும் அதை அதே இடத்தில் வைத்து அமுக்கிக்கொண்டாள். "போன ஆடியிலேருந்து கால் வீங்குது அத்தான்" என்றாள். "காலையில எந்திரிச்சா முகமும் உப்பலாத்தான் இருக்கு. மூத்திரத்துல நுரை. உங்களுக்கு முதல்ல வந்துச்சுல்லா, அதே மாதிரி. நான் பாத்தவதானே, எனக்குத் தெரியாமலா? ஆனா அவிய கூப்பிடலைல்லா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா அத்தனை ரத்தத்தை எடுத்துக்கிட்டுக் கூப்பிடலைன்னா, அப்போ இது அந்த வியாதி இல்ல, வேற என்னமோன்னு இருந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க இதுல கிடக்கையிலே நான் என்னத்தச் சொல்ல?"

அவர் கட்டிலின் ஓரமாகத் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தார். வெறுங்காலைத் தரையில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் எலும்பு தெரியவில்லை, செருப்பு வார் அழுத்திய பள்ளம் அப்படியே நின்றது. விரல்கள் புடைத்திருந்தன. இரண்டாவது விரலில் மெட்டி இல்லை, இரண்டு காலிலும் இல்லை, மெட்டி கிடந்த இடத்தில் தோல் மட்டும் வெளுப்பாக ஒரு சுற்று. முப்பத்து நாலு வருஷமாகக் கிடந்தது. "மெட்டி எங்கட்டி?" என்றார். "இறுக்குச்சு. மார்கழியில சோப்புப் போட்டுக் கழத்தி வச்சேன்" என்றாள். மார்கழி, தை, மாசி. மூன்று மாதமாகப் பக்கத்தில் நடந்து வந்தவளின் காலை அவர் பார்க்கவில்லை.

மணி பத்து முப்பத்தைந்து. "சிஸ்டர், என்னைக் கழத்தி விடுங்க" என்றார். ஜெபக்கனி அங்கிருந்தே, "இன்னும் அரை மணிக்கு மேல இருக்கு, பேசாமப் படுங்க" என்றாள். அவர் வலது கையால் உலகம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தார். "ஓபியில பதினொண்ணுக்குச் சன்னலச் சாத்திருவான். நீ போ."

"நீங்க இறங்கின பொறகு சேந்து போவோம். இல்லன்னா வெள்ளிக்கிழமை பாப்போம். தல சுத்தி விழுந்தியள்னா யாரு பிடிக்க?"

"வெள்ளிக்கிழமை எல்லாம் கிடையாது. இப்பவே போ. என்னைப் பிடிக்க இங்க ஆள் இருக்கு."

அவள் தூக்கை அவர் தலைமாட்டில் வைத்தாள், போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள், இன்னும் எதையோ சரிசெய்ய இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடந்தாள். வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள். தனியாக எந்த ஆஸ்பத்திரி வரிசையிலும் அவள் நின்றதில்லை, எல்லா இடத்திலும் பேசியது அவர்தான். "அங்க என்னன்னு சொல்லிக் கேக்க அத்தான்?" என்றாள்.

"சுகர் ஒம்பது வருஷமா இருக்கு, காலு வீங்குது, நுரை வருது, கிட்னிய இன்னைக்கே பாக்கணும்னு சொல்லு" என்றார். குரல் உடைந்தது, அதையும் மீறிச் சத்தமாகச் சொன்னார். "யாரு வரச் சொன்னான்னு கேப்பான். யாரும் என்னைக் கூப்பிடல, நானாத்தான் வந்திருக்கேன்னு சொல்லு."

உலகம்மாள் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்து, ஓபியைப் பார்த்து நடந்தாள்.